வாடகைப் பணம் சிங்கப்பூர் வருமா? வளவுப் பங்கு விற்றால் என்ன செய்வது?

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அம்மா கண்டனூரில் இருக்கிறார்கள். மாதாமாதம் அவர்கள் கணக்குக்குப் பணம் அனுப்புகிறேன்; அதில்தான் என் சேமிப்பும் இருக்கிறது. காரைக்குடியில் என் பெயரில் உள்ள வீட்டின் வாடகை, கல்லூரிக் காலத்தில் தொடங்கிய என் சேமிப்புக் கணக்கில் விழுகிறது. அந்தப் பணத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர முடியுமா? வளவு என்னும் எங்கள் பூர்வீக வீட்டில் எங்கள் பங்கை விற்கவும் பேச்சு நடக்கிறது. கடைசியாக வங்கி மூலம் அனுப்பிய தொகை ஏன் குறைந்து சேர்ந்தது என்றும் புரியவில்லை.

பதில்: கொண்டுவர முடியும், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் வங்கி ஒவ்வொரு முறையும் கேட்கப்போவது ஒன்றுதான்: இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? வெளிநாட்டில் சம்பாதித்ததா, இந்தியாவில் கிடைத்ததா? இப்போது உங்களிடம் இரண்டும் கலந்து கிடக்கின்றன. முதலில் அதைப் பிரித்தாக வேண்டும்.

அந்தப் பழைய சேமிப்புக் கணக்கிலிருந்து தொடங்குவோம். வேலைக்காக வெளிநாட்டில் குடியேறிய பிறகு உள்ளூர்வாசிகளுக்கான சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. 1999-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் அதை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான) கணக்காக மாற்ற வேண்டும். பாஸ்போர்ட், விசா அல்லது வேலை அனுமதி அட்டை, பான், வெளிநாட்டு முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களோடு வங்கியில் விண்ணப்பித்தால் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். தாமதமாகிவிட்டதே என்று பயந்து தள்ளிப்போடுபவர்கள் நிறையப் பேர். தள்ளிப்போடத் தள்ளிப்போடச் சிக்கல்தான் கூடும், இப்போதே செய்யுங்கள். வாடகை, பங்கு ஈவுத்தொகை, வீடு விற்ற பணம் என்று இந்தியாவில் கிடைப்பதெல்லாம் இனி இந்த என்ஆர்ஓ கணக்கில்தான் சேர வேண்டும்.

கூடவே, வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கான என்ஆர்இ கணக்கு ஒன்றும் தொடங்குங்கள். சிங்கப்பூர்ச் சம்பளத்தில் உங்களுக்கென்று சேமிப்பது அங்கே போகட்டும். அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது; அசலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் உச்சவரம்பின்றித் திரும்ப எடுத்துப்போகலாம். என்ஆர்ஓ வட்டிக்கோ 30 சதவீதமும் செஸும் (வரியின் மேல் கூடுதல் வரி) டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வரி, பிடிப்பார்கள். சிங்கப்பூர் வரித்துறையின் வசிப்பிடச் சான்று கொடுத்தால், இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி இதை 15 சதவீதமாகக் குறைக்க வழி உண்டு.

சேமிப்பையும் அம்மா கணக்கில் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். நம் பக்கத்தில் இது சகஜம். பிள்ளை அனுப்புவதை ஆத்தாள் பத்திரமாக வைத்திருப்பார் என்ற நம்பிக்கை. நம்பிக்கையில் குறையில்லை, ஆனால் சட்டப்படி அது நீங்கள் அம்மாவுக்குக் கொடுத்த பணம். அவர்களுக்கு அதனால் வரி எதுவும் வராது, நெருங்கிய உறவினர் தரும் தொகைக்கு விலக்கு உண்டு. ஆனால் நாளை உங்களுக்கே அது சிங்கப்பூரில் தேவைப்பட்டால், அம்மா தம் பெயரில்தான் அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் அமெரிக்க டாலர் வரம்பு. ஓராண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (அனுப்புபவரிடம் முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம் என்றாலும், வயதான காலத்தில் அவர்களுக்கு ஏன் அந்த அலைச்சல்? வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அம்மாவுக்கு அனுப்புங்கள்.

இனி வாடகை. வாடகை நடப்பு வருமானம். வரி கட்டிய பின் அதை என்ஆர்ஓ கணக்கிலிருந்து சிங்கப்பூருக்கோ உங்கள் என்ஆர்இ கணக்குக்கோ மாற்றலாம். வீடு விற்ற பணத்துக்கு இருக்கும் ஆண்டு வரம்பு இதற்குக் கிடையாது. பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் குடியிருப்பவர் 30 சதவீதமும் செஸும் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும். உங்கள் குடித்தனக்காரரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அப்படி வரி பிடித்துக் கட்டியதற்கான சான்று இல்லாமல் பணம் அனுப்பப் போனால் வங்கியில் நிற்க வேண்டிவரும். அனுப்பும்போது வங்கி கேட்பவை: ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பம்), வாடகை ஒப்பந்தம், வரி கட்டிய ஆதாரம், 15சிஏ என்று இதுவரை அழைக்கப்பட்ட உங்கள் உறுதிமொழி, 15சிபி என்ற ஆடிட்டர் சான்று. வரிக்குரிய தொகை ஓராண்டில் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆடிட்டர் சான்று கட்டாயமில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் படிவ எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். "வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் சான்று" என்று கேட்டால் ஆடிட்டருக்குப் புரியும்.

வளவுப் பங்கு விஷயத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். தேவகோட்டையோ கண்டனூரோ, ஒரே வீட்டில் பல புள்ளிகளுக்கு (குடும்பங்களுக்கு) பங்கு இருக்கும். வீட்டு வரி ரசீது இன்னும் ஐயா பெயரிலேயே வரும். பாகப்பிரிவினை வாய்மொழியாகவே நடந்திருக்கும். ஊருக்குள் எல்லாருக்கும் யார் பங்கு எவ்வளவு என்று தெரியும், வங்கிக்குத் தெரியாது. வாரிசுச் சான்று, பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று இவற்றை விலை பேசும் முன்பே சேர்த்துவிடுங்கள். ஊரில் இருக்கும் ஒரு பங்காளி மொத்தப் பணத்தையும் வாங்கி, அப்புறம் பிரித்துக் கொடுக்கும் பழக்கத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் பங்குத் தொகை வாங்குபவரின் கணக்கிலிருந்து நேராக உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு வர வேண்டும், கிரயப் பத்திரத்திலும் அந்தத் தொகை உங்கள் பெயரோடு இருக்க வேண்டும். இதில் பிசகினால், சொந்தப் பணம் என்று நிரூபிக்கவே மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

வாங்குபவர் "ஒரு சதவீதம்தானே டிடிஎஸ்" என்பார். அது உள்ளூர்வாசி விற்கும்போது. வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் கணக்கு வேறு. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீத வரி, அதோடு சர்சார்ஜும் (பெரிய வருமானத்துக்கான மேல்வரி) செஸும். ஆதாயம் எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாததால், பாதுகாப்புக்காக முழு விலைக்கும் பிடித்துவிடுவார். அதைத் தவிர்க்க, விற்பதற்கு முன்பே வருமான வரித்துறையில் குறைந்த டிடிஎஸ் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். பூர்வீகச் சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாகக் காட்டலாம். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். வரி போக மீதியை ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை என்ஆர்ஓ கணக்கிலிருந்து அனுப்பலாம்.

தொகை ஏன் குறைந்தது? ஸ்விஃப்ட் என்ற பன்னாட்டு வங்கி வலையமைப்பின் வழியில் உங்கள் வங்கிக்கும் அம்மாவின் வங்கிக்கும் நடுவில் இன்னொரு வங்கி இருந்தால் அதுவும் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். விண்ணப்பத்தில் எஸ்ஹெச்ஏ என்று குறித்திருந்தால் கட்டணம் இருவருக்கும் பகிர்வு. பிஇஎன் என்றால் எல்லாம் பெறுபவர் தலையில். ஓயுஆர் என்றால் அனுப்புபவரே ஏற்பது. ரூபாயாக மாற்றும் சேவைக்கு ஜிஎஸ்டியும் உண்டு. ஒரு லட்சம் ரூபாய்க்கு அது 180 ரூபாய்தான். பெரிய இழப்பு பெரும்பாலும் மாற்று விகிதத்தில்தான் இருக்கும், அது ரசீதில் கட்டணம் என்று வராது. சிங்கப்பூர் டாலரை அமெரிக்க டாலராக்கி, பிறகு ரூபாயாக்கினால் இரண்டு முறை இழக்கிறீர்கள். எனவே கட்டணத்தைக் கேட்காதீர்கள், "1,000 சிங்கப்பூர் வெள்ளி அனுப்பினால் கணக்கில் எத்தனை ரூபாய் சேரும்?" என்று கேட்டு ஒப்பிடுங்கள். அம்மாவின் மாதச் செலவுக்கு 2023 பிப்ரவரியில் தொடங்கிய யுபிஐ–பேநவ் இணைப்பைப் (இந்திய, சிங்கப்பூர் உடனடிப் பணப் பரிமாற்ற முறைகளை இணைப்பது) பாருங்கள். இரு பக்கமும் அதில் சேர்ந்த வங்கிகளாக இருக்க வேண்டும்.

பெரிய தொகையை ஸ்விஃப்டில் அனுப்பும்போது கிளையின் ஐஎஃப்எஸ்சி எண்ணை மட்டும் கொடுத்தால் போதாது. எல்லாக் கிளைக்கும் ஸ்விஃப்ட் குறியீடு இருக்காது. காரைக்குடிக் கிளைக்கு எந்தக் குறியீடு வழியாகப் பணம் வரும் என்று வங்கியிடமே எழுத்தில் வாங்குங்கள். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தது. வெளிநாட்டுப் பணம் அந்த ஊருக்குப் புதிதல்ல, கேட்டால் பதில் கிடைக்கும். அனுப்பும் காரணம் 'குடும்பப் பராமரிப்பும் சேமிப்பும்' என்றால் அதற்குரிய குறியீடு பி1301.

வீட்டு வரி, மராமத்துக்கெல்லாம் அம்மா என்ஆர்ஓ கணக்கிலிருந்து பணம் எடுக்க, மேண்டேட் (அதிகாரக் கடிதம்) எழுதிக் கொடுக்கலாம். உள்ளூர்ச் செலவுகளை அவர்கள் செய்யலாம், வெளிநாட்டுக்கு உங்களுக்கு மட்டும் அனுப்பலாம்; உங்கள் சார்பில் வேறு யாருக்கும் அன்பளிப்பு கொடுக்க முடியாது.