கரிச்சட்டியும் ஆணியடித்த ஜன்னலும்

நுவரெலியா டவுனில் ஒரு மாடி ஒபிஸ், 11 பேர் வேலை. பனி உள்ளே வருகிறதென்று ஜன்னலுக்கெல்லாம் பொலித்தீன் போட்டு ஆணியடித்தாயிற்று, குளிருக்கு நடுவில் 2 கரிச்சட்டி. பின்னேரமானால் தலையிடி, சத்தி. முதலாளியைக் கேட்டால், கட்டிடக்காரர் ஜன்னலைத் தொட விடமாட்டார், ஏலாவிட்டால் நின்றுகொள்ளுங்கள் என்கிறார். இதுதானே உங்கள் பிரச்சினை, தங்கச்சி?

சட்டம் கொஞ்சம் இருக்கட்டும், முதலில் அந்தச் சட்டிகளை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அடைத்த அறையில் கரி எரிந்தால் காபன் மொனொக்சைட் வரும். நிறமில்லை, மணமில்லை, இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்கு இறுக்கமாக ஒட்டும். தலையிடி வந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், கரி எரித்த அறையில் இருந்தேன் என்று டொக்டரிடம் சொல்லி இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சில மணித்தியாலத்தில் அது இறங்கிவிடும், அப்புறம் பார்த்து ஒன்றும் தெரியாது. அந்த இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பத்திரமாக வையுங்கள், நாளைக்கு நட்டஈடு கேட்க வேண்டி வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

சரி, சட்டம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலை ஃபெக்டரிக்கு, உங்களுக்கில்லை. உங்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். வேலைத்தலத்தில் போதிய காற்றோட்டம் வைத்திருப்பது அதன்படி முதலாளியின் கடமை. கட்டிடக்காரரோடு அவருக்குள்ள வாடகைச் சண்டை அவருடையது, அதைக் காட்டி உங்களிடம் தப்ப ஏலாது.

அதனால் கடிதத்தில் ஹீட்டர் தாருங்கள் என்று கெஞ்ச வேண்டாம், காற்றோட்டம் இல்லை என்று எழுதுங்கள். ஹீட்டர் என்றால் பேரம் பேசுவார், காற்றுக்குப் பேரமில்லை. (காஸ் ஹீட்டர் தருகிறேன் என்று சமாளித்தால் விடாதீர்கள், அதுவும் எரிகிற சாமான்தானே. கரண்ட் ஹீட்டரும் ஒரு எக்ஸோஸ்ட் ஃபேனும் போதும், பெரிய செலவில்லை.) முடிந்தால் 11 பேரும் கையெழுத்து வைத்துப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள், ஆணியடித்த ஜன்னலைத் திகதியோடு படமெடுங்கள். அசையாவிட்டால் லேபர் ஒபிஸில் முறைப்பாடு. தமிழிலேயே கொடுக்கலாம், அது உங்கள் உரிமை.

நிற்பாட்டிவிடுவார் என்ற பயம் நியாயமானது. தொழில் ஆணையாளரின் அனுமதியில்லாமல் ஆட்களை நிற்பாட்டக் கூடாது என்கிற 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 15 பேராவது வேண்டும், உங்கள் ஒபிஸ் அதற்குள் வராது. ஆனால் வேலை நிற்பாட்டிய வழக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய சபைக்குப் போகலாம், நிற்பாட்டிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள். ஒன்று மட்டும், கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.