உறைக்குள் ஒரு திட்டம்

கேள்வி: 2009-இல் வெளிவந்த ‘புஷ்’ ஆங்கிலப் படத்தை இருமுறை பார்த்தும், நாயகன் ஏன் எல்லோரிடமும் கடித உறைகளைக் கொடுக்கிறான் என்பது விளங்கவில்லையே?

பதில்: ஹாங்காங்கில் நடக்கும் அந்தக் கதையில், வருங்காலத்தைக் காணும் ‘வாட்சர்’களுக்கு ஒருவர் மனத்தில் முடிவெடுத்தால்தான் அதன் விளைவு தெரியும் என்பதே முடிச்சு. ஆகவே, நாயகன் கிறிஸ் எவன்ஸ் தன் திட்டத்தைத் துண்டு துண்டாக எழுதி, தனித்தனி உறைகளில் ஒட்டிக் கொடுத்துவிட்டு, தன் நினைவிலிருந்தே அதை அழிக்கச் செய்துகொள்கிறான். முழுத் திட்டமும் எவர் மனத்திலும் இல்லாததால் எதிரிகள் திணறுகிறார்கள். அருமையான யுக்திதான். ஆனால், பொருள்களை மனத்தால் நகர்த்துவோர், பொய் நினைவை ஏற்றுவோர், மோப்பத்தால் ஆளைத் தேடுவோர் என்று இயக்குநர் பால் மெக்குய்கன் வகை வகையாக அடுக்கிக்கொண்டே போவதில், அந்த உறைகள் நம் கண்ணிலிருந்தும் நழுவிவிடுகின்றன.