டாங்கிக்குக் கண்ணு யாரு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, ரெண்டாம் உலகப் போர்ல நம்ம பர்மாவுல நடந்த மெய்க்டிலா சண்டை பத்தி ஒரு கேள்விக்கு நாலு வரி எழுதினேன், அவ்ளோதான், அதுலேர்ந்து டாங்கி, பீரங்கி, சிப்பாய்னே கேள்வி வந்து குவியுது. கல்யாணப் பொருத்தம், பாஸ்போர்ட் ரினியூவல் கேட்டவங்க எல்லாரும் அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கங்க. இன்னொன்னு, இப்போ நம்ம நாட்டுல நடக்குறத பத்தி கேட்டவங்களுக்கு இந்தப் பக்கத்துல பதில் இருக்காது, ஏன்னு உங்களுக்கே தெரியும். பழைய சண்டை, வெளியூர் சண்டையோட நிறுத்திக்குவோம்.

ரங்கூன்ல இருந்து ஒரு காலேஜ் தம்பி: அண்ணே, டாங்கின்னு ஒண்ணு இருக்கும்போது துப்பாக்கிய தூக்கிக்கிட்டு நடக்குற சிப்பாய் எதுக்கு? அவன் பாதுகாப்புக்குத்தான டாங்கியே வந்துச்சு?

எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க தம்பி. ஆனா பாதி சண்டையில சிப்பாய்தான் டாங்கிய காப்பாத்துறான். டாங்கிக்குள்ள உக்காந்திருக்கிறவனுக்கு வெளிய ஒண்ணுமே ஒழுங்கா தெரியாது, லெட்டர் பெட்டி ஓட்ட வழியா ரோட்டப் பாக்குற கணக்குதான், அதுவும் எஞ்சின் சத்தத்துல காதும் அடைச்சுரும், பக்கத்துல புதருக்குள்ள ஒருத்தன் வெடிகுண்டோட படுத்திருந்தா அவன் வந்து வண்டியில ஒட்ட வச்சுட்டுப் போற வரைக்கும் தெரியாது. தலைய வெளிய நீட்டிப் பாத்தா தெரியும், ஆனா நீட்டின தலைய குறி வச்சு சுட ஒரு ஆளு மரத்து மேல உக்காந்திருப்பான்.

இதுக்கு நம்ம பக்கத்துலயே சாட்சி இருக்கு. 1944 ஏப்ரல் 13, இம்பால் பக்கத்துல நுன்ஷிகும்னு ஒரு மலை, உச்சியில ஜப்பான்காரன் பங்கர் வெட்டி உக்காந்திருக்கான். டாங்கி ஏறவே ஏறாதுன்னு நெனைச்ச சரிவுல பிரிட்டிஷ்காரன் அமெரிக்கா செஞ்ச லீ டாங்கிய ஏத்துறான், கூடவே டோக்ரா ரெஜிமெண்ட் சிப்பாய்ங்க நடந்து ஏறுறாங்க. முகடு ரொம்ப ஒடுக்கம், கொஞ்சம் பிசகினா வண்டி உருண்டுரும், அதனால டாங்கி கமாண்டருங்க தலைய வெளிய நீட்டித்தான் வழி சொல்லியாகணும். நீட்டினாங்க, ஒவ்வொருத்தரா சுடப்பட்டாங்க. அதிகாரிங்க எல்லாம் செத்தோ காயம்பட்டோ விழுந்தப்புறம் டாங்கி பக்கம் ஒரு சார்ஜண்ட் மேஜரும், டோக்ரா பக்கம் சுபேதாருங்களும் சேர்ந்து பேசி வச்சுக்கிட்டு மலைய புடிச்சாங்க.

அரக்கான்ல இன்னொரு தினுசு பழக்கம் வந்துச்சு, எனக்கு இத படிச்சதுலேர்ந்து மறக்கல. ஜப்பான்காரன் பங்கர் மேல மரக்கட்டை, மண்ணு, அது மேல காடு, எங்க இருக்குன்னே தெரியாது. முதல்ல பட்டதும் வெடிக்கிற குண்ட போட்டு செடி கொடிய உரிக்கிறது. பங்கர் கண்ணுல பட்டதும் கொஞ்சம் உள்ள போயி வெடிக்கிற குண்டால கட்டைய பேக்குறது. அதுக்குள்ள நம்ம சிப்பாய் கிட்ட வந்துருவான், இனிமே வெடிகுண்டு போட்டா சிதறல் அவன் மேலயே விழும், அதனால கடைசியா வெடிக்கவே வெடிக்காத கெட்டி இரும்புக் குண்ட சுடுவாங்க. ஓட்டையில அது பாஞ்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிறவன் தலை தூக்க மாட்டான், சிப்பாய் அந்த கேப்புல ஓடிப்போயி கையெறி குண்ட உள்ள போட்டுருவான். நம்ம ஆளு தலைக்குப் பக்கத்துல நம்ம டாங்கியே சுடுது, யோசிச்சுப் பாருங்க, எவ்ளோ நம்பிக்கை இருந்தா அப்படி ஓடுவான்.

மெய்க்டிலாவுல 1945 மார்ச்சுல ஜப்பான்காரன்கிட்ட டாங்கிய ஒடைக்கிற பீரங்கி பத்தல. என்ன பண்ணான்னா, ரோட்டுல குழி தோண்டி ஒரு ஆள உள்ள உக்கார வச்சு, காலுக்கு நடுவுல விமானத்துல இருந்து போடுற குண்ட நிறுத்தி, கையில ஒரு கல்ல குடுத்துட்டான். டாங்கி தலைக்கு மேல வரும்போது கல்லால குண்டோட மூக்குல அடிக்கணும், அவனும் காலி டாங்கியும் காலி. டாங்கிக்குள்ள இருந்து அந்தக் குழி தெரியுமா? தெரியாது. முன்னாடி நடந்து போன சிப்பாய்தான் பாத்து சுட்டான்.

அதே தம்பி: வெளிய நடக்குற சிப்பாய் உள்ள இருக்கிறவன்கிட்ட எப்படி பேசுவான்?

நல்ல கேள்வி. டாங்கிக்கு வெளிய ஒரு டெலிபோன் தொங்கும். சிப்பாய் ஓடிப்போயி ரிசீவர எடுத்து "வலது பக்கம், அந்த ஆலமரத்துக்குக் கீழ"ன்னு சொல்லணும். எதிரி குண்டெல்லாம் டாங்கிய பாத்துதான் வந்துக்கிட்டிருக்கும், அந்த நேரத்துல அது பக்கத்துல நின்னு போன் பேசுறது லேசுப்பட்ட காரியம் இல்ல. 1945 மார்ச் 18, மிங்யான் பஞ்சு மில்லுல பஞ்சாப் ரெஜிமெண்ட் லெப்டினண்ட் கரம்ஜீத் சிங் ஜட்ஜ் இதத்தான் திரும்பத் திரும்ப செஞ்சாரு. முன்னேற முடியாம ஆளுங்க நிக்கும்போதெல்லாம் தனியா ஓடி, போன்ல டாங்கிய கூப்புட்டு, பங்கர் இருக்கிற எடத்த தானே காமிச்சுக் குடுத்தாரு. பத்து பங்கர் அப்படி விழுந்துச்சு. கடைசியில மிச்ச பங்கர புடிக்க டாங்கிய சுடாம நிறுத்தச் சொல்லிட்டு தன் ஆளுங்களோட முன்னாடி போனவரு மெஷின் கன் குண்டுபட்டு செத்துட்டாரு. விக்டோரியா கிராஸ் குடுத்தாங்க. மிங்யான் வழியா போறவங்க எத்தனை பேருக்கு இது தெரியும்னு தெரியல.

பெகுவுல இருந்து ஒரு அண்ணாச்சி: 1942ல எங்க ஊரு வழியா டாங்கி போச்சுன்னு எங்க தாத்தா சொல்வாரு. அது யாரு டாங்கி?

பிரிட்டிஷ்காரன், ஜப்பான்காரன் ரெண்டு பேரு டாங்கியும் போச்சு அண்ணாச்சி. பிரிட்டிஷ்காரனோட 7வது கவசப் பிரிகேட் 1942 பிப்ரவரி 21 ரங்கூன் துறைமுகத்துல வந்து எறங்குச்சு, ஆப்பிரிக்கா பாலைவனத்துல சண்டை போட்ட கூட்டம், வண்டி அமெரிக்கா செஞ்ச ஸ்டூவர்ட். ரெண்டு நாள்ல சிட்டாங் பாலத்த வெடி வச்சு தகர்த்துட்டாங்க, ஆத்துக்கு அந்தப் பக்கம் மாட்டின சொந்தப் படைய விட்டுட்டே. மார்ச் ஆரம்பத்துல உங்க ஊரச் சுத்தி சண்டை, மார்ச் 8 ரங்கூன் போச்சு. அதுக்கப்புறம் அந்த டாங்கிங்க வேலை என்னன்னா, பின்வாங்குற காலாட்படைக்கு பின்னாடி நின்னு காவல் காக்குறது, சமயத்துல காயம்பட்டவங்களையும் களைச்சவங்களையும் மேல ஏத்திக்கிட்டுப் போறது. நம்ம ஜனங்க மூட்டை முடிச்சோட இந்திய எல்லையில தாமு பக்கமா நடந்தே போன அதே மாசங்கள்தான்.

மே மாசம் சிண்ட்வின் ஆத்தங்கரை வரைக்கும் வந்துருச்சு. ஆத்த தாண்ட டாங்கிய தாங்குற படகு இல்ல. அவ்ளோ தூரம் ஓட்டிட்டு வந்தத அவங்களே நாசம் பண்ணிட்டு நடந்து போயிட்டாங்க. ஒரே ஒரு டாங்கிதான் ஆத்த தாண்டுச்சு, அது பின்னாடி மேல் தலைய, அதாவது மேல சுத்துற பீரங்கிக் கூண்ட, கழட்டிட்டு இந்தியக் குதிரைப்படை ரெஜிமெண்ட் ஒண்ணுக்கு கமாண்ட் வண்டியா திரும்பவும் பர்மா சண்டைக்கே வந்துச்சு. 1944 டிசம்பர்ல அதே சிண்ட்வின் ஆத்து மேல கலேவாவுல 1,154 அடிக்கு, துண்டு துண்டா கொண்டுவந்து மாட்டுற பெய்லி பாலம் போட்டாங்க, அப்போ உலகத்துலயே நீளமான பெய்லி பாலம் அதுதான். டாங்கி டிசைன் டாங்கி டிசைன்னு பேசுறோம், பாலம் இல்லன்னா எல்லாம் பழைய இரும்புதான்.

உங்க ஊருக்கு 1945லயும் டாங்கி வந்துச்சு, அமெரிக்கா செஞ்ச ஷெர்மன். ரங்கூனுக்கு ஓட்டமா ஓடி வந்தவங்கள மே மாச ஆரம்பத்துலயே கொட்டின மழை பெகு பக்கத்துலயே சேத்துல நிறுத்திருச்சு. கடல் வழியா வந்தவங்க மே 3 ரங்கூனுக்குள்ள போயிட்டாங்க. ஜப்பான்காரன் அதுக்கு முன்னாடியே கிளம்பிட்டான்.

மோல்மீன் வாசகர்: ஜப்பான் டாங்கி ஒசத்தியா, பிரிட்டிஷ் டாங்கி ஒசத்தியா?

ஜப்பானோட 95ம் மாடல் ஹா-கோ, 7.4 டன்தான், கவசம் 12 மில்லிமீட்டர், பெரிய மெஷின் கன் குண்டே தொளைச்சுரும். உள்ள மூணு பேரு. அதுல கமாண்டரு பாடு பெரும்பாடு: மேல் தலையில தனி ஆளா உக்காந்து அவரே எதிரிய தேடணும், அவரே குண்ட போடணும், அவரே குறி பாத்து சுடணும், நடுவுல மத்த வண்டிக்கும் உத்தரவு குடுக்கணும். சீனாவுல எதிரிகிட்ட டாங்கி கம்மியா இருந்தப்போ இது ஓடுச்சு. தாமு - பலேல் ரோட்டுல 1944 மார்ச் 20 லீ டாங்கிய நேருக்கு நேரா பாத்தப்போ நிக்கவே முடியல.

அந்த லீ டாங்கிய பாத்தாலும் சிரிப்பு வரும். மூணு மீட்டருக்கு மேல ஒசரம், 75 மில்லிமீட்டர் பெரிய பீரங்கி மேல் தலையில இல்ல, வலது பக்க வயித்துல, அதனால எதிரி இடது பக்கம் வந்தா மொத்த வண்டியையும் திருப்பணும். மேல சின்னதா ஒரு 37 மில்லிமீட்டர். ஆப்பிரிக்காவுல ஜெர்மன்காரன் முன்னாடி காலாவதி ஆனது. அதையே இங்க அனுப்பிட்டாங்க, நம்ம பக்கத்துக்கு எப்பவும் மிச்சம் மீதிதான. ஆனா பங்கர ஒடைக்க அந்த 75 அருமையா வேலை செஞ்சுச்சு, கடைசி வரைக்கும் ஓட்டுனாங்க. எனக்குக் கேட்டா, எதிரி யாரு, நெலம் என்னன்னு சொல்லாம எந்த டாங்கி ஒசத்தின்னு கேக்குறதே சரியில்ல.

கூடவே ஒண்ணு, எத்தனை டாங்கிங்கறதும் முக்கியம். 1943 பிப்ரவரி 1 அரக்கான்ல டோன்பைக்னு ஒரு எடத்துல எட்டே எட்டு வாலண்டைன் டாங்கிய மட்டும் அனுப்பி சோதிச்சாங்க. மொத்தமா போச்சு. கஞ்சத்தனத்துக்கு அங்க உயிர் விலை குடுத்தாங்க.

மாந்தளை தங்கச்சி ஒருத்தங்க, பிசிக்ஸ் டீச்சராம்: டாங்கி முன்பக்கம் ஏன் சாய்வா இருக்கு?

டீச்சருக்கே பாடமா? சரி. தகட சாய்ச்சு வச்சா நேரா வர்ற குண்டு உள்ள போகவேண்டிய தூரம் கூடும். ரஷ்யாவோட டி-34ல முன் தகடு 45 மில்லிமீட்டர்தான், நிமிர்ந்த நிலையில இருந்து 60 டிகிரி சாய்ச்சிருப்பான், கோசைன் 60 அரை, 45ஐ அரையால வகுத்தா குண்டுக்கு அது 90 மில்லிமீட்டர். தகட தடிப்பாக்காம கவசம் ரெட்டிப்பு. குண்டு வழுக்கிட்டுப் போற வாய்ப்பு வேற. ஆனா உள்ள எடம் குறுகிரும், ஆளு குனிஞ்சே இருக்கணும். இப்ப வர்ற நீளமான ஊசிக் குண்டுக்கு சாய்வு பழைய மாதிரி பயம் காட்டுறதில்ல, அதனால தகட்டுக்குள்ள செராமிக் எல்லாம் வச்சு அடுக்குறாங்க.

தாத்தோன் வாசகர்: எங்க பெரியப்பா நேதாஜி படையில இருந்தவரு. ஐ.என்.ஏ கிட்ட டாங்கி இருந்துச்சா?

இல்ல ஐயா. டாங்கியும் இல்ல, டாங்கிய ஒடைக்கிற பீரங்கியும் உருப்படியா இல்ல. 1945ல போப்பா மலைப் பக்கம் அவங்க நின்னப்போ எதிர்ல வந்தது ஷெர்மனும் கவச வண்டியும், கையில ரைபிள். ரப்பர் தோட்டத்துல பால் வெட்டிக்கிட்டு இருந்த நம்ம பசங்க மலாயாவுல இருந்தும் இங்க இருந்தும் அதுல சேர்ந்தாங்க. இந்தப் பக்கம் பிரிட்டிஷ் படையிலயும் நம்ம ஆளுங்கதான். மெட்ராஸ் ரெஜிமெண்ட் இருந்துச்சு, மெட்ராஸ் சாப்பர்ஸ் இருந்துச்சு, சாப்பர்ஸ ராணுவத்துல இன்னைக்கும் "தம்பி"ன்னுதான் கூப்புடுவாங்க. டாங்கி போறதுக்கு முன்னாடி மண்டி போட்டு மண்ணுல குத்திக் குத்தி கண்ணிவெடி எடுக்கிறது, ஆத்துல பாலம் போடுறது எல்லாம் சாப்பர் வேலை. ரங்கூன் பக்கத்துல தௌச்சான் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனீங்கன்னா தூண்கள்ல கிட்டத்தட்ட 27,000 பேரு பேரு செதுக்கியிருக்கும், உடம்பு கிடைக்காதவங்க. நம்ம ஊரு பேரா வரும், வாசிச்சுக்கிட்டே போலாம்.

ரங்கூன் பொடியன் ஒருத்தன்: அங்கிள், டாங்கிக்குள்ள அவசரமா ஒண்ணுக்கு வந்தா?

சுட்டு முடிச்ச காலி ஷெல் எதுக்கு இருக்கு? ரெண்டாம் உலகப் போர்ல அதுதான் வழி. அப்புறம் வெளிய கொட்டணும், அது இன்னொரு வீரம்.

மேமியோ வாசகர்: டிரோன் வந்துருச்சே, இனிமே டாங்கி காலம் முடிஞ்சுச்சா?

உக்ரைன் வீடியோ பாத்துட்டு கேக்குறீங்க, சரியா? அதுல ரஷ்யாவோட டி-72 மேல் தலை பறந்து போய் விழுறது பாத்திருப்பீங்க. காரணம் டிசைன். பீரங்கிக்குள்ள குண்டு போட தனி ஆளு வேணாம்னு ஆட்டோமேட்டிக் மெஷின் வச்சு, 22 குண்ட வட்டமா ஆளுங்க காலுக்குக் கீழயே அடுக்கிட்டான். வண்டி சின்னதாச்சு, மூணு ஆளு போதும், ஆனா உள்ள தீ புடிச்சா மொத்தமும் ஒண்ணா வெடிக்கும். அமெரிக்காவோட ஏப்ராம்ஸ்ல நாலாவது ஆளு கையால குண்டு போடுறான், பெரும்பாலான குண்டு பின்பக்கம் தனி அறையில கதவுக்குப் பின்னாடி, வெடிச்சா மேல் தகடு பிச்சுக்கிட்டு நெருப்பு வெளிய போயிரும், ஆள் பொழைக்க வழி இருக்கு. எடை மட்டும் 60 டன்னுக்கு மேல, நம்ம ஊரு பாலத்துல ஏத்தினா பாலத்துக்குத்தான் காரியம் பண்ணணும்.

டிரோன் மேல இருந்து வருது, டாங்கியோட மேல் தகடு எப்பவும் மெல்லிசு, அதனாலதான் இரும்புக் கூண்டு கட்டிக்கிட்டு ஓட்டுறாங்க. முடிஞ்சுச்சான்னு கேட்டா, 1973ல சினாய் பாலைவனத்துல எகிப்துக்காரன் சிப்பாய் பெட்டியில தூக்கிட்டு வந்த ஏவுகணையால இஸ்ரேல் டாங்கிய வரிசையா அடிச்சப்பவும் முடிஞ்சுச்சுன்னுதான் எழுதுனாங்க. அங்கயும் முதல்ல டாங்கிய தனியா அனுப்பினதுதான் வினை, காலாளும் பீரங்கியும் கூட வந்தப்புறம் நிலைமை மாறுச்சு. இப்பவும் டிரோன சுட, வலை கட்ட, சிக்னல கலைக்க டாங்கி பக்கத்துல ஆளு வேணும். அந்த ஆளு தலைக்கு மேலயும் இப்போ டிரோன் சுத்துது, அதுக்கு இன்னும் யாரும் முழுசா வழி கண்டுபுடிக்கல.