திரையரங்கில் கைபேசியை ஒரு நொடி பார்ப்பது அவ்வளவு பெரிய தவறா?

ஆம், தவறுதான், அதற்குக் காரணம் நாகரிகம் மட்டுமன்று, கண்ணின் அமைப்பும்கூட. இருட்டில் அமர்ந்ததும் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் மெல்ல மெல்லக் கூர்மை பெறுகின்றன. அவை முழுத் திறனை எட்ட ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் பிடிக்கும். டிஜிட்டல் திரையிடலின் தர அளவுப்படி, வெண்திரையின் வெள்ளைப் பகுதிகூடச் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளி அளவின் அலகு) அளவுக்குத்தான் ஒளிரும். முழு வெளிச்சத்தில் வைத்த பல கைபேசிகளோ அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் ஒளிர்கின்றன. தவிரவும், பார்வையின் ஓரத்தில் திடீரெனப் பளிச்சிடும் எதையும் கண் நம்மைக் கேளாமலே நாடிவிடுகிறது.

அண்மையில் நான் பார்த்த ஒரு படத்தில், வசனமே இல்லாத ஒரு மரணக் காட்சியின்போது, முன்வரிசைக்காரர் கைபேசியை மடியில் தாழ்த்தி, உள்ளங்கையால் மறைத்தபடி குறுஞ்செய்தி படித்தார். மறைத்துவிட்டதாக அவர் நம்பிய வெளிச்சம் அவருடைய தாடையையும் பக்கத்து இருக்கையின் கைப்பிடியையும் நீலமாக்கியது. எங்கள் வரிசையில் நான்கு தலைகள் ஒருசேர அந்தப் பக்கம் திரும்பின. அந்தக் காட்சி எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

தின்பண்ட உறையின் சரசரப்பையும் தாமதமாக வருபவர்களையும் பொறுத்துக்கொள்ளலாம். அவை சில நொடிகளில் அடங்கிவிடும். கைபேசியில் அவசரச் செய்தியை எதிர்பார்ப்பவர், நடைபாதையை ஒட்டிய இருக்கையைத் தேர்ந்தெடுத்து, அதிர்வு வந்ததும் வெளியே சென்று பார்ப்பதே முறை. பக்கத்தில் இருப்பவர் கைபேசியைப் பார்த்தால், அதை அணைக்கும்படி ஒருமுறை தாழ்ந்த குரலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் வாக்குவாதத்தைத் தவிர்த்து ஊழியரை அழையுங்கள்.