அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை காணோம்: கார்டு போய்விட்டதா?

கேள்வி: பழைய லேப்டாப், பிராட்காம் வைஃபை கார்டு, உபுண்டு லினக்ஸ். கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) அப்டேட் ஆனதிலிருந்து வைஃபை இல்லை. கார்டு போய்விட்டது, யூஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் வாங்குங்கள் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். எல்எஸ்மாட் கட்டளை காட்டும் பட்டியலிலும் வைஃபை டிரைவர் எதுவும் தெரியவில்லை. வாங்கிவிடலாமா?

பதில்: காசைக் கொடுக்காதீர்கள். அப்டேட்டோடு நின்றது என்றால் சந்தேகப்பட வேண்டியது டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளைத்தான்.

டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ -கே' அடியுங்கள், எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்தில். நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியில் பிராட்காம் பெயர் வந்தால் கார்டு உயிரோடுதான் இருக்கிறது. அதற்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரியில் 'டபிள்யூஎல்' (பல பிராட்காம் கார்டுகளின் டிரைவர்) இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்து 'மாட்இன்ஃபோ டபிள்யூஎல்' அடியுங்கள். 'நாட் ஃபவுண்ட்' என்று வருகிறதா? அப்படியானால் இப்போது ஓடும் கெர்னலுக்கு அந்த டிரைவர் மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் துண்டு) தயாராகவே இல்லை.

காரணம் இதுதான். இந்த டிரைவரின் முழு மூலநிரலையும் பிராட்காம் தரவில்லை. அதனால் அது கெர்னலோடு சேர்ந்து வராது, ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் தனியாகக் கட்ட (கம்பைல் செய்ய) வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தானாகச் செய்யும். அது தோற்றால் அப்டேட் ஓடும்போது நடுவில் பிழைச் செய்தி வந்து, மற்ற வரிகளோடு எளிதாகக் கண்ணில் படாமல் போய்விடும். சாதாரண ஆள் அதை எப்படிக் கவனிப்பார்? வைஃபை போகப்போகிறது என்று பளிச்சென்று சொல்ல இத்தனை வருஷத்தில் ஒரு ஏற்பாடு இல்லை.

எல்எஸ்மாட் விஷயத்தில் ஒன்று. அதில் பெயர் இல்லாவிட்டால் டிரைவரே இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தனியாக ஏற்றப்பட்ட மாட்யூல்களை மட்டும் காட்டும். கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டியவை அதில் வரவே வராது. உபுண்டுவில் 'இஎக்ஸ்டி4' (டிஸ்கில் ஃபைல்களைச் சேமிக்கும் முறை) என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஆனால் வழக்கமான உபுண்டுவில் உங்கள் டிஸ்கில் ஃபைல்களைப் படிப்பதே அதை நம்பித்தான். 'மாட்இன்ஃபோ இஎக்ஸ்டி4' அடித்தால் ஃபைல்நேம் வரியில் 'பில்ட்இன்' என்று வரும். உங்கள் டபிள்யூஎல் அந்த ரகமல்ல. ஆனாலும் பட்டியலை மட்டும் வைத்து எந்த டிரைவருக்கும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

டாங்கிள் யோசனைதான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. மலிவான டாங்கிள்கள் பலவற்றிலும் ரியல்டெக் சிப் இருக்கும். அவற்றில் கணிசமானவற்றுக்கு இதே மாதிரி வெளியிலிருந்து டிரைவர் கட்ட வேண்டும். அடுத்த அப்டேட்டில் அதுவும் நிற்கலாம், நீங்கள் மறுபடி அதே கடைக்குப் போவீர்கள். எங்கிருந்தோ எடுத்த ஸ்கிரிப்டை சூடோ (நிர்வாகி அதிகாரம்) போட்டு ஓட்டச் சொல்பவர்களிடமும் ஜாக்கிரதை. கணினியின் முழுச் சாவியையும் யாரென்றே தெரியாதவருக்குக் கொடுக்கிறீர்கள்.

கடைக்காரர் சொன்னதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ரீஸ்டார்ட் செய்து, தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் வைஃபை வந்தால் கார்டில் கோளாறு இல்லை.

அப்புறம் புதிய கெர்னலுக்கே திரும்பி, போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு (போனின் இன்டர்நெட்டைப் பகிர்ந்து), 'பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ்' பேக்கேஜை ரீ-இன்ஸ்டால் செய்யுங்கள். முடிந்ததும் டிரைவரை ஏற்ற 'சூடோ மாட்புரோப் டபிள்யூஎல்' அடியுங்கள். 'கீ வாஸ் ரிஜெக்டட்' என்று வந்தால் செக்யூர் பூட் (நம்பகமான சாவியால் கையெழுத்திடாத மாட்யூலை ஏற்றவிடாத பாதுகாப்பு) தடுக்கிறது. அதை ஒரேயடியாக அணைக்கச் சொல்வார்கள், வேண்டாம். இன்ஸ்டால் ஆகும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டிருந்தால், ரீஸ்டார்ட்டில் வரும் நீலத்திரையில் 'என்ரோல் எம்ஓகே' (டிரைவரின் கையெழுத்துச் சாவியைப் பதிவு செய்வது) தேர்ந்தெடுத்து அதையே கொடுங்கள். அவசரத்தில் 'கன்டினியூ பூட்' அழுத்திவிட்டால் சாவி பதிவாகாது, டிரைவரும் ஏறாது.