சென்னையில் குழாயில் வரும் மெட்ரோ வாட்டரைக் குடிக்கலாமா? ஆர்.ஓ. கட்டாயம் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது என்கிறார். சிறுவாணி குடித்து வளர்ந்தவருக்குச் சென்னையில் குழாயைத் திறந்ததும் வருகிற குளோரின் வாசம் பயத்தைத்தான் கொடுக்கும். வீட்டுக்காரர் கேன் தண்ணீர் போட்டுக்கொள்ளச் சொல்கிறாராம், அலுவலகத்தில் தண்ணீரிலிருந்து உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. கருவியை மாட்டச் சொல்கிறார்களாம். யார் சொல்வதைக் கேட்பது என்கிறார்.

நான் இருபத்திரண்டு வருஷமாக மேற்கு மாம்பலத்தில் இருக்கிறேன். எட்டு வீடு உள்ள பழைய அடுக்ககம். என் பதில் இதுதான்: மெட்ரோ வாட்டர் நல்ல தண்ணீர். அதைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஆர்.ஓ.வுக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன்பு உங்கள் வீட்டு சம்ப், அதாவது நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதம் என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அப்போது ஏழாம் வகுப்பு. நான்கு நாள் காய்ச்சல், சோற்றைக் கண்டாலே குமட்டல். ஐந்தாம் நாள் காலையில் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தால் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ, அதாவது தண்ணீர் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" ஆர்.ஓ. தண்ணீர்தான், வேறு எதையும் கொடுப்பதில்லை என்றேன். "சரி, பல்லு எந்தத் தண்ணியில தேய்க்கிறா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. பல் தேய்ப்பது, வாய் கொப்பளிப்பது, கொத்தமல்லி அலசுவது, டிபன் டப்பா கழுவுவது எல்லாமே மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில்தான். சமையலறைச் சுவரில் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஒரு கருவியை மாட்டிவிட்டு, மற்ற குழாய்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அதே வாரம் இரண்டாம் மாடியில் இன்னொரு பையனுக்கும் காமாலை. இந்தக் கிருமி உள்ளே போனபிறகு நோய் வெளியே தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் வரை ஆகும். அப்படியென்றால் ஐப்பசி மழை பிடித்த நாட்களிலேயே தண்ணீர் கெட்டிருக்க வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என்னிடமிருந்த டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டுபோய்க் காட்டி, "260தான் சார் காட்டுது, தண்ணி நல்லாத்தானே இருக்கு?" என்றேன். "அது உப்பைத்தாம்மா சொல்லும், கிருமியைச் சொல்லாது. சாக்கடை ஒரு கை கலந்தாலும் அந்த முள்ளு அசையாது" என்றார். அடுத்த நாள் எச்.டூ.எஸ். குப்பி என்கிற சின்னக் கண்ணாடிக் குப்பிகள் நான்கு வாங்கி வந்தார். உள்ளே மருந்தில் ஊறிக் காய்ந்த காகிதம் இருக்கும். கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி மூடி, அறைச் சூட்டிலேயே வைத்துவிட வேண்டும். மலத்தில் இருந்து வரும் பாக்டீரியா இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுத்துவிடும்.

ஒன்றில் சம்ப்புக்கு முன்னால் மெட்ரோ லைனில் இருக்கும் அடிபம்புத் தண்ணீர். இரண்டாவதில் சம்ப் தண்ணீர். மூன்றாவதில் எங்கள் வாஷ்பேசின் குழாய். நான்காவதில் ஆர்.ஓ. தண்ணீர். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டிப் பேனாவால் எழுதி, அவர் வீட்டு அலமாரியில் வரிசையாக வைத்தோம். மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தபோது சம்ப் குப்பி மை கரைத்துவிட்டது போல இருந்தது. வாஷ்பேசின் குப்பி அதற்குக் கொஞ்சம் குறைவாக, ஆனால் கறுப்புத்தான். ஆர்.ஓ. தெளிவாக இருந்தது. அடிபம்புத் தண்ணீரும் இரண்டு நாள் கழித்தும் ஊற்றியபோது மருந்து கரைந்து வந்த வைக்கோல் நிறத்திலேயே இருந்தது. அதாவது தெருவிலிருந்து சுத்தமாக வந்த தண்ணீர் எங்கள் வளாகத்துக்குள் வந்துதான் கெட்டிருக்கிறது.

கொத்தனாரைக் கூப்பிட்டு சம்ப்பை வற்றவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். வேப்பமரத்து வேர் ஒன்று சுவரைப் பிளந்துகொண்டு உள்ளே வந்திருந்தது. அந்த விரிசலில் இருந்து கறுப்பாக ஒரு கசிவுக் கோடு அடிவரைக்கும் இறங்கியிருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றடி தள்ளி எங்கள் கழிவுநீர் சேம்பர். அதிலிருந்து போகும் பழைய ஸ்டோன்வேர் பைப்பின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. சம்ப் நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் வெளியே இருப்பதைத் தடுத்துவிடும். மத்தியானத்துக்குள் எட்டு வீடும் மோட்டார் போட்டு சம்ப் காலியானதும், மழையில் ஊறிக்கிடந்த மண்ணிலிருந்து சேம்பர் தண்ணீர் உள்ளே கசிந்திருக்கிறது. எத்தனை நாள் அப்படி நடந்தது என்று இன்றைக்கும் தெரியாது. என் மகள் ஒன்றரை மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை.

சேம்பரை எதிர்ப்பக்கம் மாற்றி, பி.வி.சி. பைப் போட்டு, சம்ப்பின் உள்சுவரை முழுக்கக் கொத்திப் பூசினோம். மூடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்திக் கட்டினோம். முன்பு அது தரைமட்டத்தில் இருந்தது, மழைத் தண்ணீர் நேராக உள்ளே போகும். செலவை எட்டு வீடும் பகிர்ந்துகொண்டோம். ஒரு வீட்டில் கூட மறுத்துப் பேசவில்லை.

இனி தெருவரைக்கும் வரும் தண்ணீரைப் பற்றி. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள், ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீர், 2004 முதல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரி, நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் என்று பல இடத்துத் தண்ணீர் இந்த ஊருக்கு வருகிறது. அதனால்தான் ஏரியாவுக்கு ஏரியா ருசி மாறும், ஒரே வீட்டில் மாசத்துக்கு மாசமும் மாறும். 1872ல் செங்குன்றம் ஏரித் தண்ணீரைத் திறந்த கால்வாயில்தான் கீழ்ப்பாக்கம் வரை கொண்டுவந்தார்கள். 1914ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் கட்டியபிறகுதான் வடிகட்டிய தண்ணீர் ஊருக்குள் வந்தது. இப்போதும் அடிப்படை அதேதான். நம் பாட்டிமார் கலங்கல் தண்ணீரில் தேத்தாங்கொட்டையை உரசிப் போட்டுத் தெளிய வைத்தார்களே, அதுபோலப் படிகாரம் சேர்த்துக் கலங்கலைத் திரட்டி அடியில் படிய வைக்கிறார்கள். பிறகு மணலில் வடிகட்டி, கடைசியில் குளோரின் சேர்க்கிறார்கள்.

அந்தக் குளோரின் வாசத்தைத்தான் நீங்கள் பயப்படும் விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை விரும்புகிறவள். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. வழியில் ஏதாவது கிருமி சேர்ந்தால் அதைக் கொல்ல ஒரு ஆள் தண்ணீரோடு கூடவே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்தில் திறந்து வைத்தால் சில மணி நேரத்தில் வாசம் போய்விடும். எப்போதும் வாசம் வருகிற குழாயில் ஒருநாள் வாசமே இல்லை என்றால்தான் நான் யோசிப்பேன்.

ஆனால் தெருக் குழாயிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இங்கே பல இடங்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை, சில மணி நேரம்தான். மற்ற நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. எங்காவது சின்ன ஓட்டை இருந்து, பக்கத்தில் சாக்கடை தேங்கியிருந்தால், அழுக்கு உள்ளே ஏறிவிடும். இதில் சில வீடுகளில் லைனிலேயே நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள். சட்டப்படி அது தவறு. அவர்கள் பக்கத்து வீட்டுத் தண்ணீரை மட்டும் இழுக்கவில்லை, மண்ணுக்குள் இருக்கும் சாக்கடையையும் சேர்த்து இழுத்து மொத்தத் தெருவுக்கும் கொடுக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. எங்கள் தெருவில் இரண்டு பேரிடம் நேரில் போய்ப் பேசியிருக்கிறேன், ஒருவர் கேட்டுக்கொண்டார்.

அதனால் தண்ணீர் விட்ட முதல் ஐந்து பத்து நிமிஷம் வருவதைப் பிடிக்காதீர்கள். செடிக்கு விடுங்கள், வாசல் கழுவுங்கள். கலங்கலாகவோ நுரையோடோ சாக்கடை வாடையோடோ வந்தால் அன்றைக்கு சம்ப்புக்குள் விடாமல் வால்வை மூடிவிட்டு, மெட்ரோ வாட்டரின் 1916 எண்ணுக்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

இப்போது ஆர்.ஓ. ஒரு விற்பனையாளர் எங்கள் வீட்டில் செய்து காட்டியதை அப்படியே சொல்கிறேன். இரண்டு தம்ளரில் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. இரண்டிலும் கம்பிகள் உள்ள ஒரு கருவியை வைத்துக் கரண்ட் கொடுத்தார். ஒரு நிமிஷத்தில் குழாய்த் தண்ணீர் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்பாகி, மேலே கசடு மிதந்தது. பார்க்கவே வயிற்றைப் பிரட்டியது. உண்மையில் அந்தக் கசடு கம்பியிலிருந்த இரும்பு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், இரும்புக் கம்பி கரையும். உப்பு இல்லாத ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது, கம்பி கரையாது. நல்ல மினரல் தண்ணீரை வைத்தாலும் இப்படித்தான் நிறம் மாறும். இதைப் பார்த்துப் பயந்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஆர்.ஓ.வே வேண்டாம் என்று சொல்லவில்லை. போர் தண்ணீர் மட்டும்தான், மீட்டர் 1000, 1500 காட்டுகிறது என்றால் வேறு வழியில்லை, மாட்டுங்கள். தரநிலைப்படி டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். மெட்ரோ வாட்டர் 500க்குள் இருக்கும் வீட்டில் ஆர்.ஓ. எதற்கு? ஒரு லிட்டர் குடிக்க எடுத்தால் இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகிறது. 2019 கோடையில் நான்கு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. அந்த வருஷம்தான் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும், 500க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நாங்கள் ஆர்.ஓ.வைக் கழற்றிவிட்டோம். கேன் தண்ணீரைப் பொறுத்தவரை, எங்கே நிரப்பினார்கள், எத்தனை நாள் வெயிலில் நின்றது என்று கேட்டால் கொண்டுவந்து போடும் பையனுக்கே தெரியாது. அவசரத்துக்கு வாங்கலாம்.

கொதிக்க வைப்பது என்றால் லேசாக ஆவி வந்ததும் அணைப்பதில்லை. தளதளவென்று கொதி வந்தபிறகு ஒரு நிமிஷம் விட வேண்டும், அது போதும். ஆறவைக்கும்போது மூடி வையுங்கள். கொதிக்க வைத்த தண்ணீரில் குளோரின் மிஞ்சியிருக்காது, அதனால் யாராவது கையோடு தம்ளரை முக்கினால் மறுபடி கெட்டுவிடும். குழாய் வைத்த எவர்சில்வர் பாத்திரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் வாய் கொப்பளிக்கவும் அந்தத் தண்ணீரையே ஒரு சொம்பில் வைத்துவிடுங்கள்.

நீங்கள் வாடகைக்கு இருப்பதால் கட்டட வேலை உங்கள் கையில் இல்லை. ஆனாலும் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கலாம்: சம்ப் எங்கே, சேம்பர் எங்கே, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம், கடைசியாக எப்போது கழுவினார்கள். குப்பி நான்கு வாங்கிச் சோதித்துப் பாருங்கள். போர் தண்ணீரில் சில சமயம் இயல்பாகவே கந்தகம் இருந்து குப்பி கறுக்கும், அதனால் கறுத்தால் ஒரு ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீர் பரிசோதனை உண்டு. வீட்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், கிருமி நீக்கிய பாட்டிலை முதலில் அங்கிருந்து வாங்கி வந்து, அதில் பிடித்து ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுக்க வேண்டும்.

நாங்கள் வருஷத்துக்கு இரண்டு முறை சம்ப்பும் தொட்டியும் கழுவுகிறோம், அக்னி நட்சத்திரத்துக்கு முன்பு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு தடவை. மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டபிறகுதான் ஆள் இறங்க வேண்டும், மேலே ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். கழுவி முடித்த வாரம் சார் வீட்டு அலமாரியில் மூன்று குப்பி வைப்போம், இப்போது பெயர் எழுதி ஒட்டுவது என் மகள். போன ஐப்பசியிலும் மூன்றும் வைக்கோல் நிறத்திலேயே இருந்தன.