இனிப்பறியும் குரங்கும் சோளப் பொத்தியும்

வினா: வெலிமடைப் பக்கம் அரை ஏக்கரில் சோளம், வாழை, போஞ்சி செய்கிறேன். பொத்தி பால்பிடித்ததும் செங்குரங்குகள் இறங்கிவிடுகின்றன. கருமந்திகளோ கனிந்த வாழைக்குலையை விட்டுவிட்டுப் போஞ்சித் தளிரைத் தின்கின்றன. குரங்குக்கு இனிப்புத் தெரியுமா? வேப்பெண்ணெய் தெளித்தால் விலகுமா?

பதில்: நன்றாகவே தெரியும், ஐயா. நாக்கின் சுவை மொட்டுகளில் ரி1ஆர்2, ரி1ஆர்3 என்னும் இரு புரதங்கள் இணைந்த ஏற்பியே இனிப்பை உணர்கிறது. இறைச்சியுண்ணியான பூனைக்கு இவற்றுள் முதலாவதை உருவாக்கும் மரபணு பழுதாகிவிட்டதால் சீனியின் சுவை அதற்கு எட்டாது. பழம் தேடியுண்ணும் குரங்குகளில் அந்த ஏற்பி குறைவின்றி இயங்குகிறது.

செங்குரங்கு சேர்ந்திருக்கும் மக்காக் பேரினத்தில் இன்னொரு சிறப்பும் உண்டு. பறித்ததை உடனே விழுங்காமல் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு ஓடும்போது, உமிழ்நீரிலுள்ள நொதியம் மாப்பொருளை மோல்ற்றோசு என்னும் சீனியாக உடைக்கிறது. ஜப்பானிய மக்காக் குரங்கு இந்த மோல்ற்றோசைக் கரும்புச் சீனிக்கு நிகராக உணர்கிறது என 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நமது செங்குரங்கும் அவ்வாறே உணருமாயின், பழம் மட்டுமன்றி மாப்பொருள் நிறைந்த மணியும் அதற்குத் தித்திப்பாகவே இருக்கும். நூல் பழுப்பேறிய பொத்தியை உரித்து நகத்தால் கீறினால் வெண்பால் பீறிடும் பருவத்தில் மணியில் சீனி மிகுந்திருக்கும். முற்ற முற்ற அது மாப்பொருளாக மாறி மணி இறுகிவிடும். உங்கள் தோட்டத்துக்கு அவை வரும் வாரம் தற்செயலானதன்று.

கருமந்தியின் சங்கதி வேறு. அதன் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்து, அங்கு வாழும் நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கச் செய்கின்றன. கனிந்த பழத்தின் சீனி அளவுக்கு மீறி உள்ளே போனால் விரைந்து புளித்து அமிலம் மிகுந்துவிடும் என்பதால், தளிரும் முற்றாத காயுமே அதற்கு ஏற்றவை. ஆகவே குலையைக் காப்பதற்கான ஏற்பாடு போஞ்சியைக் காக்காது. போஞ்சிப் பந்தலுக்கு வலை போடுவதே வழி.

வேப்பெண்ணெயை நான் பரிந்துரைக்க மாட்டேன். குரங்கு கசப்பை உணரும் என்பது உண்மையே. ஆனால் பொத்தியின் மடலையும் வாழைத்தோலையும் உரித்தெறிந்துவிட்டு உள்ளிருப்பதைத் தின்னும் பிராணிக்கு வெளிப்பூச்சு என்ன செய்யும்? உங்கள் பக்கத்து மழை அதையும் கழுவிவிடும். நஞ்சு வைப்பதை எண்ணவே வேண்டாம். கருமந்தி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அயலவர் நாய்களும் சேர்ந்து மடியும்.

காலத்தை மாற்றுவதே பயன் தரும். சோளத்தை அயலவர்களோடு பேசி ஒரே சமயத்தில் விதையுங்கள். சேதம் ஒருவர் தலையில் மட்டும் விழாது, பால்பருவத்தில் முறைவைத்துக் காவலிருக்கவும் முடியும். அவித்து விற்கும் பொத்தியானால் பதம் வந்ததும் தாமதியாமல் ஒடித்துவிடுங்கள். வாழைக்குலையைக் காயின் விளிம்புகள் உருண்டு திரண்டதும், பச்சையாக இருக்கும்போதே வெட்டி வீட்டுக்குள் பழுக்கவையுங்கள். லயத்துக் கோடியில் பழத்தோலும் சோற்று மிச்சமும் கொட்டுவதை நிறுத்தாவிட்டால், அறுவடை முடிந்த பின்னும் கூட்டம் அங்கேயே சுற்றும்.